ஆண்டியப்பன் தலைக்குள் ஓடிய இரைச்சல்

இலங்கை மலைநாட்டில், வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து அரைக்கும் ரோலரருகே நின்று வேலை செய்தவர் ஆண்டியப்பன். அவர் தலைக்குள் ஒரு சத்தம் இருந்தது. வலக்காதுக்குப் பின்னால், நாடி துடிக்கும் கணக்கில், உஸ்... உஸ்... என்று. மனைவி வேலாயி போய்ச் சேர்ந்த பிறகு லயத்து வரிசைவீட்டின் ஒற்றைக் காம்பிராவில் அதுவும் அவரும் மட்டுமே குடியிருந்தார்கள்.

சத்தம் இருப்பதை யாராவது ஒருவர் நம்ப வேண்டும். ஆண்டியப்பன் உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். உலகமோ வைத்தியம் சொல்வதில் மும்முரமாக இருந்தது.

தோட்ட டிஸ்பென்சர் லியனார்ட் சகல நோய்களுக்கும் மூன்று போத்தல் மருந்து வைத்திருந்தார். இதற்கு மட்டும் விதிவிலக்காக, "ரோலர் சத்தம்யா, காதுல தங்கிருச்சு" என்று காதைக் கழுவி அனுப்பினார். ஸ்டோரை நடத்திய டீமேக்கர், வேலைக்கு டிமிக்கி கொடுக்க வந்த புது நோய் இது என்று கண்டுபிடித்தார். பக்கத்துக் காம்பிரா மீனம்மாதான் கொஞ்சம் இரக்கப்பட்டாள்.

"அண்ணே, ஒங்களுக்கு மட்டும் கேக்குதுன்னா அது முனிதான். ஒரு சேவல அறுத்துருங்க."

"அறுத்தாச்சு புள்ள. சேவ சத்தந்தான் நின்னுச்சு."

உண்மையில் அதைக் கேட்க மந்திரம் வேண்டாம். அவர் தலையோடு ஒருவர் காதை ஒட்டி வைத்தால் போதும். அவ்வளவு கிட்டத்தில் வர அவருக்கு ஆளில்லை.

1959 மாசியில், ரோலர் முன்னால் வலிப்பு வந்து விழுந்தார். ஒரு முழம் தள்ளி விழுந்திருந்தால் ரோலர் என்னவாகியிருக்கும் என்று தோட்டத்துத் துரை பதறிப்போய், கொழும்பு பெரியாஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக்கொடுத்தார்.

அங்கே ஒரு சிங்கள டொக்டர், ஸ்டெதஸ்கோப்பை அவர் காதுக்குப் பின்னால் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு விரலால் கட்டிலில் தாளம் போட்டார். உஸ்... உஸ்... தாளம் தப்பவில்லை. ஆண்டியப்பன் அழுதுவிட்டார்.

கழுத்து நாடியில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் புழுக்கூட்டம் போல ஒரு சுருணை. இதயத்திலிருந்து வரும் ரத்தம் மயிரிழைக் குழாய்களில் பிரிந்து வேகம் அடங்க வேண்டும். இவருக்கோ பிறவியிலேயே அந்த இழைகள் அமையாமல், வருகிற குழாய் நேரே திரும்புகிற குழாயில் கொட்டியது. அந்தப் பாய்ச்சல்தான் சத்தம். என்றைக்கும் வெடிக்கலாம். மண்டையைத் திறந்து எடுத்துவிடலாம். எடுக்கும்போதும் உயிர் போகலாம். இதையெல்லாம் வார்ட்டு வேலையாள் சின்னராசா தமிழில் சொன்னார்.

"சத்தம் நின்னுருமா தம்பி?"

"நின்னுரும்ங்கிறாரு."

"அப்ப ஒரு நாளு லீவு கேளுங்க. தோட்டத்துல நாலு பேருக்குக் கேக்க வச்சிட்டு வந்துர்றேன்."

"யோவ், உசிரு போயிரும்ங்கிறாரு. நீ ஊருக்குக் காட்டணும்ங்கிற!"

லீவு கிடைக்கவில்லை. ஆபரேஷன் தாளில் கைநாட்டு வைத்தார்.

சுருணை போய், சத்தமும் போய், இருபத்திரண்டு தையலோடு ஊர் திரும்பினார். "இப்ப கேக்கலையா? அப்ப எப்பவுமே இருந்திருக்காது" என்று டீமேக்கர் வழக்கை முடித்துவைத்தார். மீனம்மா முனிக்கு நன்றி சொன்னாள்.

டொக்டரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஆண்டியப்பன் லியனார்டிடம் போனார். லியனார்ட் அந்த இங்கிலீசை இரண்டு தரம் படித்தார். எழுந்து வந்து, ஆண்டியப்பனின் தலையை ஒரு கையால் தாங்கி, தழும்பின் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் குனிந்து கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே ஆண்டியப்பா."

"தெரியுங்க" என்றார் ஆண்டியப்பன். "இன்னும் கொஞ்ச நேரம் வச்சுப் பாருங்கய்யா."