சிவப்புப் பட்டை வராத பக்கம்

சுனாமி முடிந்து சில ஆண்டுகள் வரை, எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல் எப்போது போகும் என்று இணையப் பக்கத்தில் அறிவிப்பது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்த எங்கள் பிரிவின் வேலை. கப்பல் கிளம்பாவிட்டாலும் அறிவிப்பு கிளம்பிவிடும். ரத்தானதை, ஜெட்டி என்று நாங்கள் சொல்லும் படகுத்துறையின் ஊழியர்கள் உடனே பதியமாட்டார்கள். நேற்றைய தகவல் இன்றைய முகத்தோடு திரையில் நிற்கும்.

இதற்கு ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் டெம்ப்ளேட் என்ற அச்சு உண்டு. கம்பைலர் அதை ஒரு நிரலாக மாற்றும். அந்த நிரல்தான் பக்கத்தை எழுதிக் காட்டும். எங்கள் பிரிவில் சிலர் கம்பைலர் உண்டாக்கிய நிரலிலேயே கைவைத்துத் திருத்துவார்கள். அடுத்த முறை டெம்ப்ளேட்டில் ஒரு கமா மாறினாலும் கம்பைலர் புதிதாக எழுதி அந்தத் திருத்தத்தை வழித்தெறிந்துவிடும். கையேட்டைப் படிக்கும் கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. அமைப்புக் கோப்பில் ஒரே வரி சேர்த்தால் போதும்: இனி உண்டாக்கும் நிரல்கள் எல்லாம் நான் எழுதிய அடிப்படை நிரலின் மேல்தான் நிற்க வேண்டும் என்று கம்பைலருக்கு உத்தரவு. என் நிரலின் வேலை எளியது. தகவல் பழையதாகிவிட்டால் பக்கத்தின் தலையில் சிவப்புப் பட்டை: 'இது பழைய தகவல். நம்பிப் புறப்படாதீர்கள்.'

அமைப்புக் கோப்பின் கடவுச்சொல் இருவருக்குத்தான் தெரியும். எனக்கும், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்து பதவியில் எனக்கு மேலே போய்விட்ட என் நண்பனுக்கும். கராச்சர்மாவில் அவன் வீடு கட்டியபோது கான்கிரீட் போட்ட நாளில் சட்டையைக் கழற்றிவிட்டுச் சட்டி சுமந்தவன் நான். பட்டை எப்படி வேலை செய்கிறது என்று முதலில் விளக்கியதும் அவனுக்குத்தான்.

லாங் ஐலண்டில் இருந்த அக்காவுக்கும் சொல்லியிருந்தேன். "பட்டை இல்லேன்னா தைரியமா ஜெட்டிக்குப் போக்கா."

ஒரு நாள் அத்தானின் வலது கண்ணில் திரை விழுந்தது போல ஆனது. விழித்திரை பிரிகிறது, தள்ளிப்போட்டால் பார்வை போய்விடும் என்றார்கள். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த கண் சர்ஜன் போர்ட் பிளேரில் இருந்தார், இரண்டே நாளில் திரும்புகிறார். அக்கா பள்ளிக்கூடத்துக் கணினியில் பக்கத்தைப் பார்த்தாள். கப்பல் உண்டு என்றிருந்தது. பட்டை இல்லை. மறுநாள் காலை இருவரும் ஜெட்டியில் போய் உட்கார்ந்தார்கள். எஞ்சின் பழுதென்று கப்பல் முந்தின நாளே ரத்தாகியிருந்தது. தெரிந்திருந்தால் விடியும்போதே டோங்கி என்ற சிறு படகில் அக்கரையில் உள்ள ஏரட்டா போய் போர்ட் பிளேர் பஸ்ஸைப் பிடித்திருப்பார்கள். தெரிந்தபோது, காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் கடைசி கான்வாயும் போய்விட்டிருந்தது.

சர்ஜன் விமானம் ஏறினார். அத்தானின் அந்தக் கண் திரும்பவில்லை.

கம்பைலர் உண்டாக்கிய நிரலைத் திறந்து பார்த்தேன். அது என் அடிப்படை நிரலின் மேல் நிற்கவில்லை. கம்பைலரோடு வந்த பழைய நிரலின் மேல் நின்றது. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரி மாற்றப்பட்டிருந்தது.

நண்பனின் அறைக்குப் போனேன். அவன் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை.

"அரே தோஸ்த், டெல்லியிலேர்ந்து இன்ஸ்பெக்ஷன் வந்தாங்க இல்ல. எந்தப் பேஜைத் திறந்தாலும் லால் பட்டி, ஒரே சிவப்பு. நம்ம ஆபீஸ் தூங்குதுன்னு நாமளே போர்டு மாட்டுன மாதிரி."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ ரூல் புக்கைத் தூக்கிட்டு வருவே. உன் கோட்ல ஒரு எழுத்தை அழிச்சேனா? அப்படியே இருக்கு, போய்ப் பாரு."

உண்மைதான். ஒரு எழுத்தும் போகவில்லை. எந்தப் பக்கமும் அதைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பட்டை இல்லாததை நல்ல செய்தியாகத்தான் ஜனங்கள் படிப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

"அத்தானுக்கு ஒரு கண் போச்சு."

"அவங்க ஜெட்டிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்" என்றான்.

நானே போட்டால் அவன் மறுபடி எடுத்துவிடுவான்; வரியைத் திரும்பப் போட முறைப்படி அலுவலகக் கோப்பு அனுப்பினேன். அது எந்தெந்த மேசையில் எப்படித் தூங்கும், எப்படித் தட்டினால் எழும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. எழுப்பினேன். ஒப்புதல் வந்தது, இரண்டு நிபந்தனைகளோடு. நிறம் சிவப்பாக இருக்கக் கூடாது. 'பழைய' என்ற சொல் வரக் கூடாது. அந்தக் குறிப்பு என் நண்பனின் கையெழுத்தில் இருந்தது. நான் மாற்ற மறுத்தேன். வேறொருவரை வைத்து மாற்றினான். தகவல் பழசானால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பச்சையில் ஒரு வரி வர ஆரம்பித்தது: 'தகவல் புதுப்பிக்கப்படுகிறது.' நிரலின் தொடக்கத்தில் எழுதியவர் என்று என் பெயரை மட்டும் பத்திரமாக விட்டுவைத்திருந்தான்.

சில மாதம் கழித்து அக்கா அலுவலகத்துக்கே போன் செய்தாள். அத்தானின் மற்றொரு கண்ணைக் காட்ட வேண்டியிருந்தது. நண்பன் ஏதோ கையெழுத்துக்காக வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, மேல பச்சையா என்னமோ வருது. புதுப்பிக்கிறாங்களாம். அப்ப நம்பலாந்தானே?"

"நம்பாதக்கா. கப்பலையே எதிர்பார்க்காத. காலைல டோங்கில ஏரட்டா போயிடு."

"நீ போட்ட பக்கந்தானேடா இது?"

"பேர் என்னோடதுதான். நம்பாத."

நண்பன் பேனாவை மூடினான். எங்களுக்குள் அதற்குப் பிறகு நடந்த பேச்செல்லாம் கோப்பு வழியாகத்தான்.