கல்யாண வாழையும் சலவை சோடாவும்

என் கல்யாணத்துக்கு வாசலில் கட்டும் குலைவாழை சொந்தத் தோட்டத்து மரமாகத்தான் இருக்கவேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டிவனத்து வீட்டில் பாத்திரம் கழுவும் தண்ணீரெல்லாம் பின்பக்கத்து இரண்டு வாழைகளுக்குத்தான் போகும். சாம்பல் தண்ணீரைக் குடித்தே இரண்டும் கொழுகொழுவென்று குலை தள்ளியிருந்தன. மாப்பிள்ளையைக்கூட அப்பா அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

கல்யாண வேலைக்கென்று விழுப்புரத்திலிருந்து அத்தை வந்திறங்கினாள், டின் நிறையச் சலவை சோடாவோடு.

"இன்னும் சாம்பலையே தேச்சிக்கினு கிடக்கறீங்களா? சம்பந்தி வூட்டுக்காரங்க சிரிப்பாங்க!"

சீர்ப் பாத்திரமெல்லாம் சோடாவில் பளபளத்தது. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது.

வாழை இலைகளும் ஓரம் கருகத் தொடங்கின. அப்பாவுக்கு உடனே பக்கத்து வீட்டுக்காரர் ஞாபகம். "வேலிகிட்ட நின்னுக்கினு, மரம் ஜம்முனு இருக்குதேன்னு சொன்னான் பாரு, அவன் கண்ணுதான்!" என்றார். மரத்தில் பழஞ்செருப்பைத் தொங்கவிட்டார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார். திருஷ்டி கழிய இடம் சுத்தமாக இருக்கவேண்டுமாம். அத்தை இன்னும் இரண்டு கை சோடாவை அள்ளிப் போட்டு, வாழைக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலையே தேய்த்துக் கழுவினாள். மண் உவர் பூத்து வெளுத்துப்போனது.

"அத்தே, என் கையே உரியுது. மரம் தாங்குமா?"

"கல்யாணப் பொண்ணு வாயை மூடிக்கினு இரு."

வந்த ஆத்திரத்தில் அந்தச் செருப்பை அவிழ்த்து அத்தையின் பெட்டியில் கட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் பார்த்தால், இரண்டு மரமும் குலையோடு சாய்ந்துகிடந்தன. அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் திரும்பிப் போய், தன் தோட்டத்துக் குலைவாழை இரண்டை வெட்டி எடுத்துவந்தார். "நம்ம வூட்டுப் பொண்ணு கல்யாணத்துக்கு இல்லாத மரம் எனக்கு எதுக்குங்க?" என்றார். அப்பா காலடியில் கிடந்த பூசணித் துண்டுகளை மெல்ல ஓரமாகத் தள்ளினார்.

கல்யாணம் முடிந்ததும் அந்த மனிதருக்கு நன்றியாகக் கொடுக்க அத்தை எதைத் தேடினாள் தெரியுமா? மிச்சமிருந்த சோடா டின்னை! வீடெல்லாம் புரட்டியும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அது என் சீர்ப் பாத்திரத்துக்குள் ஒளிந்து என்னோடு புகுந்த ஊரான கோலியனூருக்கு வந்துவிட்டது.

வந்ததும் எங்காவது கொட்டித் தொலைத்துவிடலாம் என்றிருந்தேன். புகுந்த வீட்டுத் தோட்டத்தில் முருங்கை நின்றது. வேலியைத் தாண்டினால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. அதையும் தாண்டினால் ஏரி. டின்னைப் பரணில் ஏற்றிவைத்தேன். இன்னமும் அங்கேதான் இருக்கிறது.