மூன்று நிறத்தில் மேய்ந்த குதிரை

என் மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு குதிரை. அது வெள்ளை என்பது அவருடைய கருத்து. திண்டிவனத்தில் ஜட்கா ஓட்டியவர்கள் ஒவ்வொருவராக ஆட்டோவுக்கு மாறிவிட, கூப்பிட்டால் ஆட்டோ திரும்பிப் பார்க்காது என்று சொல்லி மாமா மட்டும் குதிரையோடு இருந்துவிட்டார்.

ஊருக்கு வெளியே ஜட்காக் குதிரைகள் மேய்வதற்கென்று விட்டிருந்த பொது மைதானம் ஒன்று உண்டு. குதிரை மேயாத இடம் எதற்கு, லாரி நிறுத்தலாமே என்று சிலர் கிளம்பியதில், நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாக ஆயிற்று. மைதானம் போனால் புல்லை விலைக்கு வாங்கிப் போட மாமாவால் ஆகாது. குதிரையை விற்க வேண்டியதுதான். சோற்றைக்கூட ஒதுக்கிவைத்து யோசித்தவர், கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புகளுக்கு வர்ணம் அடித்த அனுபவம் எனக்கு இருந்தது. குடும்பத்தில் வேறு ஓவியர் கிடையாது.

"கொம்பு இல்ல பாப்பா, உடம்பு பூராவும் அடிக்கணும். முடியுமா?" என்றார்.

அதிகாரி மைதானத்து ஓர டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் குதிரை வெள்ளையாகவே மேய்ந்தது. பிறகு மாமா அதை வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் ஓட்டிவர, நான் செம்மண்ணைக் குழைத்துப் பூசினேன். செவலைக் குதிரை புறப்பட்டது. சேற்றில் புரண்ட எருமை என்று டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னது வெறும் பொறாமை. அடுத்த சுற்றுக்கு அடுப்புக்கரி.

குதிரையின் பழக்கத்தைத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிட்டோம். ஜட்காக்காரர்கள் டீ குடிக்கும்போது, தொட்டுக்கொள்ளும் பொறை ரொட்டியில் பாதியைக் குதிரைக்குக் கொடுப்பார்கள். ஆகவே எந்த நிறத்தில் விட்டாலும் அது இரண்டு வாய் மேய்ந்துவிட்டு, நேராக பெஞ்சுக்குப் போய் அதிகாரியின் சட்டைப்பையில் மூக்கை நுழைத்தது. அவரும் ஒரு பொறை வாங்கிக் கொடுத்துத் தடவிவிட்டார். கறுப்புக் குதிரை புதரைவிட்டு வருவதற்குள் பொறையைக் கையில் தயாராக வைத்திருந்தார். டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

மாமா கரிக்கையை லுங்கியில் துடைத்தபடி போய் நின்றார். "இன்னும் ரெண்டு கீதுங்க சார். கூச்சப்பட்டுக்கினு அந்தாண்ட நிக்குது."

"போதுங்க. குதிரைங்க மேயுதுன்னு எழுதிடறேன்." எழுந்தவர், கைக்குட்டையில் தன் உள்ளங்கையைத் துடைத்தார். கைக்குட்டை சிவப்பும் கறுப்புமாக ஆயிற்று. குரலைத் தாழ்த்தி, "ஜல்தியா இன்னும் நாலு குதிரை சேர்த்துக்கங்க. அடுத்து வர்றவரும் தொட்டுப் பார்ப்பாரு" என்றார்.

அடுத்தவரும் குதிரைப் பிரியர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜீப் போன பிறகும் மாமா கும்பிட்ட கையை இறக்கவில்லை. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு அவர் ஏன் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒரே குதிரையை மூன்று என்று நம்பும் ஒருவருக்குப் போய் இப்படியொரு வேலையைக் கொடுத்திருக்கிறார்களே என்று, அந்த வயதிலேயே அரசாங்கத்தை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.