செபஸ்தியம்மா சத்தம் போடாத காலை

செபஸ்தியம்மா வீட்டில் இருக்கிறாரா என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. தெமோதரைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயங்களின் எந்த வாசலில் நின்றாலும் அவருடைய குரல் கேட்டுவிடும். கொழுந்தெடுப்பதில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர். கோபித்தாலும் அதே குரல்தான், கொஞ்சினாலும் அதே குரல்தான். அவர் மனதுக்குள் சொல்லுகிற ஜெபம்கூட அம்மன் கோயில் வரைக்கும் வருகிறது என்று பக்கத்து வீட்டு மாரிசாமி கிண்டல் செய்வார். வந்தால் என்ன, உனக்கும் சேர்த்துத்தானே வேண்டிக்கொள்கிறேன் என்பார் செபஸ்தியம்மா.

இப்படிப்பட்டவர் காட்டுக்குள் போய் மிருகங்களைக் கணக்கெடுக்கிற வேலைக்குப் பெயர் கொடுத்தால் தோட்டம் சிரிக்காமல் என்ன செய்யும்? வயிறு வலிக்கச் சிரித்தது.

லயங்களுக்கு மேலே, தேயிலை முடிகிற இடத்தில் ஒரு காடு இருக்கிறது. பெரிய காடு என்று சொல்ல முடியாது. குழாயில் இறங்குகிற தண்ணீர் அங்கேதான் ஊறுகிறது என்பதால், லயத்து ஆட்களே சேர்ந்து அதைக் காவல் காத்து வருகிறார்கள். அதில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்து வைத்தவர் ஜெஸீமா டீச்சர். பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியலில், விருப்பப்பட்டு வந்தவர்கள் இரண்டு இரண்டு பேராகக் காட்டுக்குள் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் வந்து சொல்ல வேண்டும். சம்பளம் கிடையாது. நடந்து முடிந்ததும் பால் சேர்க்காத பிளேன்டீயும் பனிஸ் ரொட்டியும் உண்டு.

பனிஸுக்காகத்தான் போகிறாள் என்று சிலர் பேசினார்கள். உண்மை அதுவல்ல. செபஸ்தியம்மாவுக்குக் கூடை இல்லாமல் நடப்பது பிடித்திருந்தது. எத்தனை கிலோ என்று கேட்பாரில்லை, நிரையில் பின்தங்கிவிட்டாய் என்று விரட்டுவாரில்லை. நின்று ஒரு மரத்தை அண்ணாந்து பார்க்கலாம். வேலைக்காக அல்லாமல் அவர் போய் வருகிற இடம் கோயிலுக்கு அடுத்தபடியாக அது ஒன்றுதான்.

காட்டில் மூன்று பாதைகள். மேல் பாதையையும் கீழ்ப் பாதையையும் ஹாலிஎலயிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்த இளவட்டங்கள் எடுத்துக்கொண்டார்கள். நடுப்பாதையை செபஸ்தியம்மா கேட்டு வாங்கினார். துணைக்கு மாரிசாமி.

மேல் பாதையில் மந்திக் கூட்டம் தெரிந்தது, காட்டுக்கோழி தெரிந்தது. கீழ்ப் பாதையில் மலையணில் கிளைக்குக் கிளை தாவியது. நடுப்பாதையில் அட்டை கடித்தது. மாதக்கணக்கில் நடந்தும் அட்டையைத் தவிர வேறொன்றும் இல்லை. அட்டையையாவது எழுதிக்கொள்ளுங்கள் என்று மாரிசாமி கெஞ்சிப் பார்த்தார். டீச்சர் சிரித்தாரே தவிர எழுதவில்லை.

இந்தச் சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. ஃபெக்டரிக்கு விறகு போதவில்லை, யூகலிப்டஸ் நட இடம் வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் தேடிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் உதவி மேலாளரான சின்னத்துரை நல்ல மாதிரியான இளைஞர்தான். மிருகங்கள் இருக்கிற பகுதியில் கை வைக்க மாட்டோம், வெறுமனே கிடக்கிற பகுதியைக் கொடுங்கள் என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வெறுமனே கிடக்கிற பகுதி எது என்று கேட்டால், நடுப்பாதைதானே?

செபஸ்தியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் ஆசைப்பட்டு வாங்கின பாதை, தன் ராசியால் வெட்டுப்படப் போகிறது என்று மனதைப் போட்டு அரித்துக்கொண்டார். டீச்சர் தனியே கூப்பிட்டு, நடக்கும்போது கதைத்துக்கொண்டு போகிறீர்களா, மாரிசாமி பீடி குடிக்கிறாரா என்றெல்லாம் பக்குவமாக விசாரித்தார்.

"சத்தமே போடலங்க டீச்சர். மாதா மேல சத்தியம்" என்றார் செபஸ்தியம்மா. மாரிசாமியும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவர்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு டீச்சரே அவர்களோடு வந்தார். பனி இன்னும் விலகவில்லை. மூவரும் பூனை நடை நடந்து காட்டின் வாசலுக்கு வந்தார்கள். அங்கே செபஸ்தியம்மா நின்றார். கையிலிருந்த குச்சியால் புதரை நாலு தட்டுத் தட்டினார். பிறகு, இரண்டு மலைக்குக் கேட்கிற மாதிரி, "அந்தோனியாரே, எல்லாத்தையும் ஓரமா அனுப்பிவிடு, பிள்ளைங்க வாறோம்" என்று குரல் கொடுத்தார். மாரிசாமி தன் பங்குக்கு முனியாண்டியைக் கூப்பிட்டு, படபடவென்று கையைத் தட்டினார். பாதை வளைகிற இடத்தில் இருவரும் மறுபடியும் அதையே செய்தார்கள்.

டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, இப்ப என்ன செஞ்சீங்க?"

"எதங்க?"

"இப்ப கத்தினீங்களே."

"கத்தலங்க டீச்சர். சாமிய கூப்பிட்டேன்."

தேயிலை நிரைக்குள் இறங்குகிற பெண்கள் அன்றாடம் செய்வதுதான் அது. செடிக்கடியில் பாம்பு சுருண்டிருக்கும், சில நாள் சிறுத்தையே படுத்திருக்கும். தட்டி, குரல் கொடுத்து, அது ஒதுங்க நேரம் கொடுத்துவிட்டுத்தான் கால் வைப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவதை யாராவது ஒரு செய்தி என்று சொல்வார்களா? அப்படித்தான் இதுவும் அவர்கள் இருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். மாரிசாமியும் விஷயம் புரிந்து அசடு வழிந்தார். செபஸ்தியம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இத்தன நாளா நானே வெரட்டியிருக்கேன்" என்றார். அதற்குமேல் அன்றைக்கு அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. லயமே பயந்துபோய், காய்ச்சலா என்று வந்து விசாரித்தது.

டீச்சர் நேரே சின்னத்துரையிடம் போய் நடந்ததைச் சொன்னார். இத்தனை மாதம் இல்லாதது இப்போது எங்கிருந்து வரும் என்று துரைக்குச் சந்தேகம். சரி, ஒரே ஒரு தடவை, நானும் கூட வந்து என் கண்ணால் பார்க்கிறேன் என்றார். அன்றைக்கும் ஒன்றும் தென்படாவிட்டால் நடுப்பாதையில் மரம் வெட்ட ஆள் இறங்கும்.

அந்த ஞாயிறு காட்டு வாசலில் செபஸ்தியம்மாவுக்குக் கால் நகரவில்லை. அந்தோனியாரைக் கூப்பிடாமல் அவர் எந்தப் புதருக்குள்ளும் இறங்கியதே கிடையாது. உள்ளுக்குள் கூப்பிட்டால் புனிதருக்குக் கேட்குமா என்று வேறு சந்தேகம். பாம்பு இருந்தால் இருக்கட்டும் என்று துணிந்து, முந்தானை நுனியை உருட்டி வாயில் திணித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் மாரிசாமி இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் கட்டிக்கொண்டு, முனியாண்டியை நினைத்தபடி நடந்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, சின்னத்துரையைத் தவிர. சப்பாத்துக் காலால் சருகை மிதித்துக்கொண்டு வந்தார். டீச்சரிடம் யூகலிப்டஸ் எத்தனை வருடத்தில் வெட்டுக்கு வரும் என்று விளக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் கண்ணைக் காட்டிப் பார்த்தார். அவர் கவனிக்கவில்லை. அதற்குள் போன் வேறு அடித்தது. அதை எடுத்து வெலிமடையில் யாரோடோ லொறி விஷயம் பேசத் தொடங்கினார்.

செபஸ்தியம்மா திரும்பி வந்து துரையின் சட்டைக் கையைப் பிடித்தார். முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"தொர, கொஞ்சம் வாய மூடுங்க."

மாரிசாமிக்கு உயிர் போய் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் துரைமாருக்கு முன்னால் கட்டிக்கொண்டே நிற்கிற கை, அன்றைக்கு ஒரு துரையின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சின்னத்துரை அந்தக் கையைப் பார்த்தார், செபஸ்தியம்மாவின் முகத்தைப் பார்த்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

நால்வரும் அசையாமல் நின்றார்கள். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஊற்றுக்குப் பக்கத்தில் சருகு லேசாக விலகியது. முயலை விடக் கொஞ்சம் பெரிதாக, குச்சிக் கால்களோடு ஒரு சருகுமான் வெளியே வந்தது. முதுகில் வெள்ளைப் புள்ளிகள். அதன் பின்னால், கைக்குள் அடங்கிவிடுகிற அளவில் ஒரு குட்டி. தாய் தண்ணீர் குடித்தது. குட்டி இவர்களைப் பார்த்தது, பயப்படத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் பார்த்தது. மேலே கிளை ஆடியது. மந்தியொன்று இறங்கி வந்து பழம் தின்று தோலைக் கீழே போட்டது.

சந்தோஷம் தாங்காமல் செபஸ்தியம்மாவுக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதார்.

காட்டை விட்டு வெளியே வந்ததும் சின்னத்துரை மலைச்சரிவின் கீழே கையைக் காட்டினார். மரம் நட லயங்களுக்குக் கீழே இருக்கிற தரிசைப் பார்க்கலாம், நடுப்பாதையை விட்டுவிடுவோம் என்றார். மாரிசாமி இரண்டு கைகளையும் விடுவித்துக் கும்பிட்டார். டீச்சர் பிளேன்டீயை ஊற்றி முதல் கோப்பையை செபஸ்தியம்மாவிடம் நீட்டினார். செபஸ்தியம்மா அதைக் கையில் வாங்கினாரே தவிர குடிக்கவில்லை, காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓரமா போங்கன்னு நான் சும்மா ஒரு பழக்கத்துக்குத்தாங்க சொல்லிக்கிட்டிருந்தேன், டீச்சர். அங்க யாரு இருக்கான்னு ஒரு நாளும் நெனச்சுப் பாத்ததில்ல. இதுங்க என்னடான்னா, ஒவ்வொரு தடவையும் நான் சொன்னத கேட்டு, குட்டியயும் கூட்டிக்கிட்டு ஒதுங்கி நின்னுருக்குதுங்க. எங்க வீட்ல கூட என் பேச்ச இப்படி யாரும் கேட்டதில்லங்க."