கையெழுத்தின் பின்பக்கம்

"அந்தக் காகிதத் துண்டு இப்ப யாரு வீட்டுல இருக்கு?"

ஜெமைமா ஃபோட் என்னிடம் இப்படிக் கேட்டார். பள்ளிக்கூடம் முடித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டிருப்பார். எனக்குத் தெரிந்தது அவருடைய கதை மட்டும்தான். எங்கள் ஸ்டோன்பே ஊரில் அது எல்லோருக்கும் தெரியும். வெளியூரில்தான் யாருக்கும் தெரியாது.

கடலைப் பார்த்த நான்கு அறைகளைக் கோடைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது ஜெமைமாவின் பிழைப்பு. கணவர் கடற்காவலில் இருந்தவர், ஒரு குளிர்காலத்தில் மார்புச் சளி முற்றி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. ஆறு வயதில் கொதிக்கும் கெட்டில் கவிழ்ந்து ஜெமைமாவின் கழுத்து ஒரு பக்கம் வெந்துபோனது. தோல் சுருங்கி இழுத்துக்கொண்டதால், அன்றிலிருந்து தலை இடது தோள் பக்கம் சாய்ந்தே இருக்கும். ஊர்க் கண்ணுக்கு அது பழகிப்போனது. யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நாவலாசிரியர் எட்வின் ஹார்க்னெஸ் இரண்டு கோடைகள் அந்த வீட்டின் முன்னறையில் தங்கினார். காலையில் புகைபோட்ட மீன், இரண்டு முட்டை, அப்புறம் மதியம்வரை எழுத்து. தங்க வருகிறவர்கள் தங்கள் டீத்தூளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைப்பது வழக்கம். விடுதிக்காரிகள் அள்ளிவிடுவார்கள் என்று பயம். ஹார்க்னெஸ் ஒருநாளும் பூட்டியதில்லை. ஜெமைமாதான் பூட்டி, சாவியை மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்.

அடுத்த வருடம் அந்த மனிதரின் புது நாவல் மாதம் ஒரு பகுதியாக வர ஆரம்பித்தது. மூன்றாம் பகுதியை, பக்கத்து வீட்டில் இறால் விற்கும் மிசஸ் கர்லிங் மேலங்கிக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்.

"ஜெமைமா, உக்காந்துக்கோ. நின்னுக்கிட்டுப் பாக்காத."

அதில் அச்சிட்டிருந்த படத்தில் ஒரு விடுதிக்காரி. பெயர் மிசஸ் டாக்கெட். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, ஒரு கை டீப்பெட்டிக்குள் இருந்தது. கதையில் அவள் டீத்தூளைத் திருடுவாள், பழியைப் பூனைமேல் போடுவாள். சாவித் துவாரத்தில் காதை வைத்து ஒட்டுக்கேட்டே கழுத்து கோணிப்போனவளாம்.

"பூனை எங்கடீ டீத்தூள் திங்கும்?" என்றார் ஜெமைமா. அந்த நேரத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

"அதுக்குத்தானே நாடே சிரிக்குது."

அந்தக் கோடையில் முதலில் வந்த குடும்பம் வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கியது. வாசலில் ஜெமைமாவைப் பார்த்ததும் அந்த அம்மாள் கணவரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். மூட்டைகள் திரும்ப ஏறின. பிறகு இரண்டு வாலிபர்கள் வேண்டுமென்றே வந்து தங்கி, தினமும் காலையில் ஜெமைமாவின் கண்ணெதிரே பெட்டியைப் பூட்டி, சாவியை ஆட்டிக் காட்டிச் சிரித்தார்கள். "டாக்கெட்டு வருது, பெட்டியைப் பூட்டு!" என்று தெருப்பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள். தேவாலயத்தில் இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர் கைப்பையை எடுத்து அந்தப்பக்கம் வைத்துக்கொண்டார். ஜெமைமாவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது அந்தக் கைப்பைதான்.

ஹார்க்னெஸுக்கு அவர் நான்கு வரி எழுதினார். 'ஐயா, என் வீட்டில் உங்கள் டீத்தூள் எப்போதாவது குறைந்ததா? குறைந்திருந்தால் எவ்வளவு என்று எழுதுங்கள். குறையவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.'

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரே தாள், இரண்டு பக்கமும் எழுத்து. முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் இப்படி இருந்தது: 'ஆகவே, மிசஸ் ஃபோட், உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் வீட்டில் ஒரு சிட்டிகை டீத்தூள்கூடக் குறைந்ததில்லை. பூட்ட மறந்தவன் நான், பூட்டிவைத்தவர் நீங்கள். உங்கள் கழுத்தை எடுத்து ஒரு திருடிக்கு மாட்டிவிட்டேன். நான் செய்தது அநியாயம்.' தாளைத் திருப்பினால் கடற்காற்று, தொண்டை வலி, அதன்கீழ் வாலை நீட்டிய பெரிய கையெழுத்து, கடைசியில் மறந்துவிட்டுப்போன கைத்தடியைப் பற்றி ஒரு வரி.

நாவலை மட்டும் அவர் மாற்றவில்லை. புத்தகமாக வந்தபோதும் டாக்கெட் அப்படியே இருந்தாள்.

பதின்மூன்று வருடம் ஜெமைமா அந்தக் கடிதத்தை வைத்துத்தான் வீட்டை நடத்தினார். யார் வந்தாலும் வாசலிலேயே நீட்டுவார். "மொதல்ல இதைப் படிங்க. படிச்சுட்டு மாடிக்குப் போங்க." சிலர் வெட்கப்பட்டார்கள். பலர் படிக்கக்கூட இல்லை, தாளைத் திருப்பிக் கையெழுத்தைத்தான் தடவிப் பார்த்தார்கள். "இதுவா அவரோடது! நெசமாவா!" என்பார்கள். அப்போதெல்லாம் ஜெமைமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஹார்க்னெஸ் இறந்தபோது பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. அவருடைய கடிதங்களை மகள் மிஸ் அகஸ்டா புத்தகமாகப் போடப்போகிறாள், கடிதம் வைத்திருப்பவர்கள் அனுப்பினால் நகலெடுத்துப் பத்திரமாகத் திருப்பித் தருவாள் என்று.

"நீ நகலெடுத்து அனுப்பு. அசலைக் குடுக்காத" என்றார் மிசஸ் கர்லிங்.

"நகலை எவ நம்புவா? டாக்கெட்டு அவளே எழுதிக்கிட்டாள்னு சொல்லுவாங்க. அவரு கையால எழுதுனதைப் பாத்தாத்தான் அச்சுல போடுவாங்க. அச்சுல வந்துட்டா நான் ஒவ்வொருத்தன் மூஞ்சிக்கு முன்னாலயும் நீட்டிக்கிட்டு நிக்கவேண்டாம் பாரு. அந்தக் கதையைப் படிச்சவனெல்லாம் இதையும் படிப்பான்."

"பெரிய வீட்டுக்குப் போனது முழுசாத் திரும்பி வராதுடீ."

"உன் வாயில இறாலைப் போட்டு அடைச்சுக்கோ."

பத்து மாதம் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது, அச்சடித்த ஒரு நன்றிச் சீட்டோடு. ஜெமைமா பிரித்தார். தாளின் கீழ்ப்பாதியில் ஜன்னல் மாதிரி ஓர் ஓட்டை. சின்னக் கத்தரியால் நேர்க்கோட்டில், அழகாக வெட்டியிருந்தது. கையெழுத்தைக் காணோம். தாளைத் திருப்பினார். 'ஆகவே, மிசஸ் ஃபோட், உண்மையைச் சொல்வதென்றால், உங்கள் வீட்டில்' என்று இருந்தது. அதன்கீழ் ஓட்டை.

இனிமேல் இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்? வீட்டில் என்னவோ காணாமல் போனது என்றுதானே?

மறுநாள் காலை முதல் ரயிலில் லண்டனுக்குப் போனார். மிஸ் அகஸ்டாவின் வரவேற்பறையில் உட்காரச் சொன்னார்கள். ஜெமைமா நின்றபடியே தாளை நீட்டினார்.

"வெட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் மிஸ் அகஸ்டா. "அப்பாவோட கையெழுத்து வேணும்னு எத்தனை பேர் எழுதறாங்க தெரியுமா, மிசஸ் ஃபோட்? அமெரிக்காவிலேருந்துகூட. முக்கியமான கடிதத்துல கைவைக்க முடியாது இல்லையா? அதனால இந்த மாதிரி சாதாரணமானதுல..."

"பின்பக்கம் என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"பின்பக்கமா?"

ஜெமைமா நீட்டிய தாளை மடித்துக்கொண்டார். வேண்டுமென்றே செய்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். பயந்து மறைத்தார்கள் என்றாவது நினைத்துக்கொள்ளலாம். இவள் அந்தப் பக்கத்தைப் படிக்கவே இல்லை.

"நகல் எடுத்தீங்களே, அது எங்க?"

மிஸ் அகஸ்டா ஒரு கட்டைப் புரட்டினாள். "இதோ. தொண்டை வலியைப் பத்தி எழுதியிருந்தது நல்லா இருந்தது. அதை மட்டும் எடுத்துக்கிட்டோம்."

"துண்டு யாருகிட்ட போச்சு?"

"இருநூறு பேருக்கு மேல அனுப்பியிருக்கேன். எது யாருக்குன்னு எப்படிச் சொல்ல?"

"அப்ப நீங்களே ஒரு வரி எழுதிக் குடுங்க. ஜெமைமா ஃபோட் திருடலன்னு உங்கப்பாவே எழுதியிருந்தாருன்னு."

"நான் பாக்காததை எப்படி எழுதறது? வேணும்னா ஞாபகத்துக்கு அப்பாவோட பேனா ஒண்ணு தரேன்."

"பேனாவா! அதால குத்து வாங்குனது போதாதா எனக்கு?"

அந்த நேரம் பார்த்து வேலைக்காரப் பெண் வெந்நீரோடு வந்தாள். மிஸ் அகஸ்டா இடுப்புச் சாவியால் டீப்பெட்டியைத் திறந்து, இரண்டு கரண்டி போட்டாள். நிமிர்ந்தபோது அவள் கண் ஜெமைமாவின் கழுத்தில் போய் நின்றது. எங்கேயோ பார்த்த கழுத்து. அவளுக்கு நினைவு வந்துவிட்டது. கை தானாகப் பெட்டியை மூடியது. சாவி திரும்பிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"பூட்டிட்டீங்களா?" என்றார் ஜெமைமா. "நல்லா இழுத்துப் பாத்துக்கோங்க. உங்கப்பாவுக்குப் பூட்டத் தெரியாது. ரெண்டு கோடையும் அவரு பெட்டியைப் பூட்டினது இந்தக் கைதான்."

"மிசஸ் ஃபோட், நான் அந்த அர்த்தத்துல..."

"அவரு என்னைத் திருடியாக்கினாரு. சரி. அதை ஒத்துக்கிட்டு எழுதவும் செஞ்சாரு. அந்த ஒரு நல்ல காரியத்தை நீங்க கத்தரிச்சு ஊர் ஊரா அனுப்பிட்டீங்க. அவரு பேரு மட்டும் வேணும், அவரு சொன்னது வேண்டாம். என் வீட்டுல பதின்மூணு வருஷம் பத்திரமா இருந்துச்சும்மா. உங்க வீட்டுலதான் திருடு போயிருக்கு."

டீயைத் தொடாமல் வெளியே வந்தார்.

அடுத்த வசந்தத்தில் கடிதங்கள் இரண்டு தொகுதிகளாக வந்தன. ஒரு பக்கத்தில் தொண்டை வலி இருக்கிறது. 'கடற்கரை விடுதிக்காரி ஒருவருக்கு' என்று தலைப்பு. பெயர்கூட இல்லை. டாக்கெட் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறாள்.

ஓட்டை விழுந்த கடிதத்தை ஜெமைமா முன்ஜன்னல் கண்ணாடியில், முதல் பக்கம் தெருவைப் பார்க்கும்படி ஒட்டியிருக்கிறார். நின்று பார்க்கிறவர்களிடம் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஓட்டையில் இருந்த வரிகளை மனப்பாடமாகச் சொல்கிறார். சிலர் நம்புகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களுக்கு உரக்க இரண்டாம் முறை சொல்கிறார்.

அந்தத் துண்டு எங்கேயோ ஒரு வீட்டில், யாரோ ஒருவரின் ஆல்பத்தில், கையெழுத்து மேலே தெரிய, 'நான் செய்தது அநியாயம்' என்ற வரி பசையில் அமுங்கிக் கிடக்க, ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் படிக்கிறவர்கள் நான்கு பேரிடமாவது சொல்லுங்கள், அவர்களையும் சொல்லச் சொல்லுங்கள். எட்வின் ஹார்க்னெஸின் கையெழுத்தை ஒட்டிவைத்திருக்கிற யாராவது ஒருவர் காதில் இது விழவேண்டும். ஈரத்துணியை வைத்து மெதுவாக உரித்து, திருப்பிப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.