கல்லின் மேல் வைத்த பிளாஸ்திரி

மாதம்மாளின் காலில் முள் ஏறியதை அவள் புருஷன் சின்னராசுதான் முதலில் பார்த்தான். எழுபத்தெட்டாம் வருஷம், சாமை அறுத்துக் களத்தில் சேர்க்கும் சமயம். தலையில் கதிர்க்கட்டோடு மலைக்காட்டிலிருந்து வந்தவள், கட்டை இறக்கிவிட்டு உள்ளே போய் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே வந்த சின்னராசு, சாணம் மெழுகிய தரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் திட்டுத் திட்டாக ரத்தம்.

“ஏ மாதம்மா, இன்னாது இது? கால்ல இன்னா?”

அவள் காலைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கால் சதையில் ஒரு வெள்வேல முள் முழுசாக இறங்கியிருந்தது. சின்னராசு பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினான். மாதம்மாள் முகம் சுளிக்கக்கூட இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் பயம் பிடித்தது.

முழங்கைப் பக்கம் வெளிறிக் கிடந்த படையைத் தேமல் என்று அவள் பல வருஷமாக விட்டுவைத்திருந்தாள். இடது கைச் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியதையும் வேலை செய்து செய்து அப்படி ஆயிற்று என்று நினைத்திருந்தாள். முள் ஏறிய இடம் ஆறவில்லை. மஞ்சள் அரைத்துப் பூசினாள், பச்சிலை கட்டினாள். புண் உள்ளே உள்ளே போய்க் குழியானது. வாடை வரத் தொடங்கியதும் சின்னராசு அவளைப் பஸ் ஏற்றி மலைக்குக் கீழே இட்டுக்கொண்டு போனான்.

போளூர்ச் சாலையில், மலை இறங்கியதும் வரும் ஓர் ஊரில் சின்ன மருந்தகம் ஒன்று இருந்தது. புதன்கிழமைகளில் அங்கே ஜீப்பில் ஒரு டாக்டர் வருவார். அவர் மாதம்மாளைக் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் கையிலும் காலிலும் தடவினார். பிறகு அவள் பாதத்தை வெறுங்கையால் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துப் பார்த்தார்.

“இது பெருவியாதிதாம்மா, தொழுநோய். பயப்படாதீங்க. மாத்திரைய விடாம சாப்டா நோய் நின்னுடும். ஆனா கால்ல போன உணர்ச்சி திரும்பாது. அதனால புண்ண ஜாக்கிரதையா பாத்துக்கணும். வாரா வாரம் வந்து கட்டுப் போட்டுக்கங்க. நடக்கறதக் கொறைங்க.”

“புள்ளைங்களுக்கு ஒட்டிக்குமா சாமி?” என்று கேட்டாள் மாதம்மாள்.

“இந்தப் புண்ணத் தொட்டா யாருக்கும் ஒட்டாது. நான் தொடல?”

அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் மனசில் முடிந்துகொண்டாள். டாக்டர், கட்டுப் போடுகிற தேவராஜைக் கூப்பிட்டு, அவள் எதிரிலேயே சொன்னார்: புண்ணைக் கழுவி, ஓரத்துத் தடித்த தோலை வெட்டி, மெத்தென்று பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பு என்று. “சரிங்க சார்” என்றான் தேவராஜ். ஜீப் அடுத்த ஊருக்குப் புறப்பட்டது.

புழுதி அடங்குவதற்குள் தேவராஜ் வெளியே கையைக் காட்டினான். வேலி ஓரம் ஒரு புங்கமரம், அதன் கீழே ஒரு பட்டைக்கல். “அங்க போய்க் குந்து.”

போய் உட்கார்ந்தாள். அவன் ஒரு காகிதத்தில் பஞ்சும் காஸ் துணியும் சுற்றி, மேலே ஒரு துண்டு பிளாஸ்திரியை வைத்துக் கொண்டுவந்தான். “எந்திரி. தள்ளி நில்லு” என்றான். அவள் தள்ளி நின்ற பிறகு கல்லின் மேல் அதை வைத்துவிட்டுப் பின்வாங்கினான்.

“எடுத்துக் கட்டிக்கோ.”

“டாக்டர் ஒங்களத்தானே கட்டச் சொன்னாரு?”

“அவரு சொல்லிட்டுப் போய்டுவாரு. எனக்குப் புள்ள குட்டி கீது” என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

உள்ளங்காலில் இருக்கும் புண்ணைத் தானே எப்படிப் பார்ப்பது? காலை மடக்கித் திருப்பிப் பிடித்தால் கட்டுவதற்குக் கை போதவில்லை. மடங்கிய விரலுக்குப் பிளாஸ்திரி பிடிபடவில்லை. பல்லால் கடித்துக் கிழித்து, ஒட்ட வேண்டிய இடத்தை விட்டு வேறெங்கோ ஒட்டினாள். மறுவாரம் அதைப் பிரித்தபோது பிளாஸ்திரியோடு நல்ல தோலும் பட்டையாக உரிந்து வந்தது. ரத்தம் கசிந்தது. அவளுக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பாள், அந்தச் சத்தத்துக்காவது உள்ளேயிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

இத்தனைக்கும் தேவராஜுக்கு வேலை தெரியாமல் இல்லை. கரும்பு வெட்டும்போது முழங்காலில் அரிவாள் பட்ட ஓர் ஆள் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். ஒட்டிக்கொண்ட பழைய துணியைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, “கொஞ்சம் பொறுத்துக்க மாமா, ஆச்சு, ஆச்சு” என்று ஊதி ஊதி எடுப்பான் தேவராஜ். ஜன்னல் வழியாக அதெல்லாம் கல்லில் இருந்த மாதம்மாளுக்குத் தெரியும். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையும் நின்றுவிடுமோ என்று பயந்து அவள் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னால் சின்னராசு, “கெவுருமெண்டு ஆளு. நம்ம இன்னா பண்ண முடியும்? மாத்திரையாவது குடுக்கறானே” என்றான்.

“மாத்திரைய டாக்டர் குடுக்கறாரு. இவன் இன்னா குடுக்கறான்? புண்ணுக் காலோட மலையெறங்கி பஸ்ஸுக்கு நடக்கறேன். கட்டாத கட்டுக்கு இன்னும் புண்ணாக்கிகினு வர்றேன். நீயே சொல்லு, நான் போறது வைத்தியத்துக்கா, தண்டனைக்கா?”

சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். விசேஷ வீடுகளில் அவளுடைய தட்டை ஊர்க்காரர்கள் தனியாக வைக்கத் தொடங்கியிருந்தார்கள். அதையும் அவன் தட்டிக் கேட்கவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்து அவளுக்குள் கொதித்தது.

மழைக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மருந்தகமே வேறு மாதிரி இருந்தது. வாசலில் கோலம், பந்தல், மடக்கு நாற்காலிகள். வேலூரிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். கூடவே கழுத்தில் கேமரா மாட்டிய ஓர் ஆள். வழக்கம்போலக் கல்லுக்குப் போன மாதம்மாளைத் தேவராஜ் ஓடிவந்து மறித்தான்.

“மாதம்மா, உள்ள வாம்மா. இன்னைக்கு உள்ளதான்.”

அவன் வாயிலிருந்து அந்த ‘வாம்மா’ வந்ததை அவளால் நம்ப முடியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தான். தரையில் மண்டியிட்டு அவள் பாதத்தைத் தன் மடியில் வாங்கிக்கொண்டான். ஊதா நிற மருந்துத் தண்ணீரில் புண்ணைக் கழுவினான். ஓரத்தில் காய்த்துப்போன தோலைக் கத்தரியால் பூப்போல வெட்டினான். மருந்து நனைத்த காஸ், அதன்மேல் தடிமனாகப் பஞ்சு, பிறகு விரலிடுக்குகளில் விட்டுச் சுற்றிய துணி. கடைசியில் பிளாஸ்திரியைப் பட்டை பட்டையாக நறுக்கி, சுருக்கம் இல்லாமல் குறுக்காக ஒட்டினான். கேமரா ஆள், “கொஞ்சம் சிரிங்கம்மா” என்றான்.

மாதம்மாளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று பக்கத்தில் நின்ற அதிகாரி நினைத்திருக்கலாம். அவளோ, தன் குதிகாலைத் தாங்கியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடியாத ஆள் என்றால் மன்னித்துவிடலாம். இவனுக்கு இவ்வளவு நன்றாக முடிகிறது! முடிந்திருந்தும்தான் இத்தனை நாளும் கல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்!

வண்டிகள் கிளம்பியதும் தேவராஜ் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினான். துடைத்துக்கொண்டே, “அடுத்த வாரம் பழையபடி மரத்தாண்ட குந்திக்கோ” என்றான்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை வந்தது, டாக்டரின் ஜீப்பும் வந்து போனது. மாதம்மாள் கல்லைத் தாண்டி நேராக உள்ளே போய், பெண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள்.

“ஏய், வெளிய போ!” என்றான் தேவராஜ்.

“போன வாரம் உள்ள வாம்மான்னு இட்டாந்தது யாரு?”

“அது வேற. ஆபீசருங்க வந்திருந்தாங்க.”

“படம் புடிக்கறப்ப ஒட்டாத வியாதி, படம் புடிக்காட்டி ஒட்டிக்குமா சார்?”

அவன் முகம் சிவந்தது. “ஜாஸ்தி பேசாத. போலீஸக் கூப்டுவேன்.”

மாதம்மாள் எழுந்தாள். எல்லோருக்கும் கட்டுப் போடுவதற்கு அங்கே இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதன் மேல் தன் காலைத் தூக்கி வைத்தாள். பழைய துணியைத் தானே பிரித்தாள்.

“கூப்டு. போலீஸு வந்தாலும் இந்தக் காலு இங்கதான் இருக்கும். ஒனக்குக் கை இருக்குது, கத்தரி இருக்குது. கட்டத் தெரியும்னு நானே கண்ணால பாத்தேன். கட்டு.”

காலை அவள் எடுக்கவில்லை. சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தராவது தனக்காக ஒரு வார்த்தை பேசுவார்கள் என்று எதிர்பார்த்துத் திரும்பிப் பார்த்தாள். தீக்காயக் கையோடு நின்ற பச்சையம்மா என்ற செங்கத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கடைசியில் வாசற்படியில் இருந்த ஒரு கிழவர்தான் வாயைத் திறந்தார்.

“கட்டித் தொலைச்சு அனுப்புய்யா. அந்த முக்காலி காலியாவாட்டி எங்களுக்கு எப்பக் கட்டுவ? பஸ்ஸு போய்டும்.”

“ஆமா ஆமா” என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நியாயத்துக்காக வாய் திறக்காத கூட்டம் பஸ்ஸுக்காகத் திறந்தது. தேவராஜ் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, முரட்டுத்தனமாகத்தான், ஆனால் ஒன்றும் விடாமல் கட்டி முடித்தான். மாதம்மாள் கும்பிடவும் இல்லை, தலையசைக்கவும் இல்லை. விந்தி விந்தி வெளியே போய், பஸ் வரும் வரைக்கும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அவள் உள்ளேதான் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து, அவளைப் போலவே புங்கமரத்தடியில் உட்காரவைக்கப்பட்டிருந்த நோயாளிகள் இன்னும் சிலரும் ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள். தேவராஜ் யார் யாரையோ பிடித்து ஊர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். போகும்போது அவனுக்கு மாலை போட்டு வழியனுப்பினார்கள் என்று கேள்விப்பட்ட அன்று மாதம்மாள் அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உருட்டிய சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது.

அவன் இடத்துக்கு ரஞ்சிதம் என்ற நர்ஸ் வந்தாள். புண்ணைப் பார்த்ததும், “இவ்ளோ ஆழம் போக விட்டுட்டாங்களே” என்றாள். டாக்டரிடம் பேசிக் காலுக்கு மாவுக்கட்டுப் போடவைத்து, பல வாரம் தரையில் கால் படாமல் இருக்கச் செய்தாள். புண் ஆறியது. ஆனால் எலும்பு வரைக்கும் அழுகியிருந்த கட்டைவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆரம்பத்திலேயே ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்த விரல் தங்கியிருக்கும் என்று டாக்டரே சொன்னார். அதை யாரிடம் போய்க் கேட்பது?

எண்பத்தொன்றில் அவளுக்கு மாத்திரை நிறுத்தினார்கள். நோய் போய்விட்டது, இனி காலில் காயம் படாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்கள். மெத்தை வைத்த ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். அன்றைக்குக் கூட வந்திருந்த சின்னராசு, ரஞ்சிதத்தின் காலைத் தொடப் போனான்.

“தெய்வம் மாதிரி வந்தீங்க தாயி! ஏ மாதம்மா, நீயும் வந்து கும்புடு.”

மாதம்மாள் செருப்பின் வாரை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அவங்க நல்லவங்க. எனக்கு அவங்க மேல உசிரு. ஆனா காலுல வுழ மாட்டேன். கட்டுப் போட வந்தவங்க கட்டுப் போட்டாங்க. அதுக்கே தெய்வம்னு வுழுந்தா, போடாதவன் செஞ்சது தப்பே இல்லன்னு ஆயிடும்.”

சின்னராசு மண்டியிட்டபடியே வெட்கிப்போனான். ரஞ்சிதம் குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “சரியாத்தான் சொல்றாங்க. எந்திரிங்கண்ணே” என்றாள். வெளியே மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. மாதம்மாள் முன்னால் நடந்தாள். ஏறியதும் முன் சீட்டில் காலி இடம் பார்த்து, நகர்ந்து உட்காரச் சொல்லி அங்கிருந்தவளிடம் உரக்கவே கேட்டாள்.