ஜெர்மனி பையருக்கு வாங்கிய மாலை

ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற கம்பெனியில் நான் தோலுக்குப் பசை தடவுகிற பேஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் பேருக்கு வரும் கடிதங்களை சூப்பர்வைசர் ஆரோக்கியசாமி சார் முதலில் பிரித்துப் படித்துவிடுவார். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. பாதிப் பெண்களுக்குப் படிக்கத் தெரியாது, சாப்பாட்டு நேரத்தில் அவர்தான் படித்துக் காட்டுவார். யாருக்குப் படிப்பு உண்டு, யாருக்கு இல்லை என்று கேட்கிற சிரமத்தை மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை.

நான் ஐந்தாவது வரை படித்தவள். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஆள் எதிரே வந்தாலே பசை சொல்யூஷன் டப்பாவுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குக் காட்பாடி ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் வேலை. வீட்டுக்கு எழுதினால் என் அண்ணன் கையில் சிக்கும் என்று கம்பெனி விலாசத்துக்கு இன்லேண்டு லெட்டர் போட்டார். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதைதான்.

ஒரு நாள் எல்லார் முன்னாலும் சார் கேட்டார். "இன்னாம்மா, உங்க ஆளுக்குக் கனவுல உன் கொலுசு சத்தம் கேக்குதாமே? தூக்கம் கம்மியாய்டுச்சாம், பாவம்."

தையல் மிஷின்கள் நின்று சிரித்தன. அன்றிலிருந்து என் பேரே கொலுசு ஆகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் கடிதம் எழுதிக்கொள்வது அண்ணன் காதுக்கு எட்டினால் சம்பந்தமே முறிந்துபோகும்.

போகிற கடிதத்தை நானே பஸ் ஸ்டாண்ட் தபால் பெட்டியில் போடுவேன், அதை சார் பார்க்க முடியாது. அடுத்து என்ன எழுத வேண்டும் என்று மாப்பிள்ளைக்கு எழுதிப் போட்டேன்.

அப்படியே பதில் வந்தது. வியாழக்கிழமை காலை முதல் வண்டியில் கம்பெனி சரக்கை வாங்கும் ஜெர்மனி பையர் வந்து இறங்குகிறாராம். முன்கூட்டிச் சொல்லாமல் நேரே எங்கள் செக்‌ஷனைப் பார்ப்பாராம். கடைசியில், 'இதை யாரிடமும் சொல்லாதே.'

இந்த முறை சார் கிண்டல் செய்யவில்லை. "எல்லாரும் சௌக்கியமாம்" என்று கடிதத்தைப் பவ்யமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை காலை கேட்டில் சார் வெள்ளை பேன்ட்டும் ரோஜா மாலையுமாக நின்றார். தோல் லாரி வந்தது, டீக்காரர் வந்தார், பையர் வரவில்லை. பத்து மணிக்கு முதலாளி பாய் வழக்கம்போல ஸ்கூட்டரில் வந்து செக்‌ஷனுக்குள் நுழைந்தார். பின்னாலேயே மாலையோடு சார்.

"யாருக்குய்யா மாலை?"

"ஜெர்மனி பையருக்கு, பாய்."

"எனக்குத் தெரியாம எந்த பையர் வர்றான்? யார் சொன்னா உனக்கு?"

சார் என்னைப் பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்தேன். என் பேரைச் சொன்னால், பாய்க்குத் தெரியாமல் என் கடிதத்தைப் பிரித்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"சும்மா... கேள்விப்பட்டேன் பாய்."

"பூ வேஸ்ட்டாவுது. அந்த கட்டிங் மிஷினுக்குப் போட்டுட்டு வேலையப் பாரு."

அடுத்த கடிதம் வந்தபோது ஒட்டு ஒட்டியபடியே இருந்தது. சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "பிரிக்கட்டுமா?" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியும் சார்."

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"நீங்க கேக்கலியே சார்."

இப்போது ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண்கள், இமெயிலை மேலே இருக்கிறவர்கள் படிக்கலாமா என்று என்னைக் கேட்கிறார்கள். தபால் கார்டு ஊருக்கு, ஒட்டின கடிதம் யார் பேருக்கு வந்ததோ அவருக்கு. எனக்குத் தெரிந்த நியாயம் இவ்வளவுதான். ஆனால் நியாயம் வேறு, நம்பிக்கை வேறு. அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் கொலுசு விஷயத்தை எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. கல்யாணம் முடிந்து நேரில்தான் சொன்னார்.